மூன்று மைல் புள்ளி

ஒத்தப்பனையூரில் யாராவது உங்கள் வீட்டு வாசலில் நிற்காமல், உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கடந்து போனால் கோபித்துக்கொள்ளக் கூடாது, உள்ளே போய் உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட வேண்டும், ஏனென்றால் அவர் உங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார், கால் மட்டும் மூன்று மைல் தள்ளிப்போய் நிற்கப்போகிறது. இந்தச் சின்ன விஷயம் அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரியாமல் போனது ஒரே ஒருத்தருக்கு, அந்த நடையை ஊருக்குள் கொண்டுவந்த முத்துக்காமுவுக்கு.

முத்துக்காமு ஒன்றும் பிறவி வைத்தியர் இல்லை. ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் ஜாக்கெட் தைத்தவர், டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொள்வாரே தவிர ஒருநாளும் அதை விரித்து அளந்தது கிடையாது, கண்ணளவு போதும் என்பார், அந்தக் கண்ணளவில் வெட்டிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் ஒரு தோளைத் தூக்கியபடியும் மீதிப்பேர் மூச்சைப் பிடித்தபடியும் நடந்தார்கள். அவர் மனைவி வேலுத்தாய் அதையெல்லாம் திரும்ப வாங்கிப் பிரித்து, அம்மா வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த மிஷினில் மறுபடி தைத்துக் கொடுத்ததால்தான் கடை நடந்தது. “நான் கெடுப்பேன், அவ எடுப்பா, நடுவுல நம்ம பொழப்பு ஓடுது” என்று அவரே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அளவு சரியாக இருந்தது.

ரெடிமேட் ஜாக்கெட் வந்து கடை படுத்த வருஷத்தில், மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை சீன வைத்தியம் சொல்லித் தருகிறார்கள், மதியச் சாப்பாடும் உண்டு என்று கேள்விப்பட்டு அவர் போனார். ஊசி குத்துகிற வைத்தியம் ஒன்று, சூடு காட்டுகிற வைத்தியம் ஒன்று. முப்பது வருஷம் ஊசியோடு குடும்பம் நடத்தியவருக்கு மனிதத் தோலில் ஊசியைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது, அதனால் சூட்டைத் தேர்ந்தெடுத்தார். பூக்கட்டுகிறவர்கள் கதம்பத்தில் சேர்க்கிற மாசிபத்திரிக்குச் சொந்தக்கார இலை ஒன்றைச் சீனாக்காரர்கள் காயவைத்து, பஞ்சு மாதிரி ஆகும்வரை இடித்து, காகிதத்தில் சுருட்டாகச் சுருட்டி, ஒரு முனையைப் பற்றவைத்து, உடம்பில் இன்ன நோவுக்கு இன்ன புள்ளி என்று கணக்கு வைத்து, தோலைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்களாம், அந்த இடம் சிவந்து சூடு உள்ளே இறங்குகிறவரைக்கும்.

“எல்லாப் புள்ளிக்கும் ராஜா இது” என்று வாத்தியார் தன் வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். “முழங்கால் சிப்பிக்குக் கீழ நாலு விரல், அங்கேருந்து வெளிப்பக்கமா ஒரு விரல். இங்க சூடு காட்டினா, நடந்து ஓய்ஞ்சு விழப்போறவன்கூட எழுந்து இன்னும் மூணு மைல் நடப்பான்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க. இப்ப இந்த நாலு விரலை எப்படி அளக்கிறதுன்னு சொல்றேன், கவனமாக் கேளுங்க.” அந்த நேரம் பார்த்துப் பந்தி அறையிலிருந்து சாம்பார் வாசம் வந்தது. அளவெடுப்பது எப்படி என்று ஒரு டெய்லருக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு முத்துக்காமு மெல்ல எழுந்து முதல் பந்தியில் போய் உட்கார்ந்தார். அவர் திரும்பி வந்தபோது வகுப்பு கல்லீரலுக்குப் போயிருந்தது.

முதல் நோயாளி ஜக்கையன். ஊருக்குக் கிழக்கே சரியாக மூன்று மைலில் ரைஸ்மில் வைத்திருப்பவர், உள்ளூரில் குடியிருப்பவர், கால் குடைச்சல். முத்துக்காமு தன் நாலு விரலைச் சேர்த்து வைத்து அளந்து சூடு காட்டினார். ஜக்கையன் எழுந்து, எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடைக்குப் போகக் கிளம்பி, டீக்கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஊர் எல்லையைத் தாண்டி, ஒரு மணி நேரம் கழித்துத் தன் மில் வாசலில் போய் நின்றார். வழியில் நிற்கப் பார்த்தாராம், முடியவில்லையாம், ஆனால் குடைச்சலும் இல்லையாம். “ஆட்டோக் காசு மிச்சம்ணே” என்று போனில் சொன்னார். மறுநாள் முத்துக்காமு வீட்டு வாசலில் பதினெட்டுப் பேர் நின்றார்கள்.

ஏன் இப்படி என்று எவரும் கேட்கவில்லை. கரண்ட் ஏன் போகிறது, மழை ஏன் பக்கத்து ஊரில் மட்டும் பெய்கிறது என்றெல்லாம் கேட்டுக்கொண்டா வாழ்கிறோம். ஊர் கேட்டதெல்லாம் இதை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்பதைத்தான். கொஞ்ச நாளில் அதன் நியமங்கள் பிடிபட்டன. வாசற்படிக்கு உள்ளே கால் சொன்னபடி கேட்கும். படி தாண்டினால், மனசு எந்த இடத்துக்குப் போக ஆசைப்படுகிறதோ அந்த இடத்துக்கு மேல் மூன்று மைல் போய்த்தான் நிற்கும். வண்டியில் வந்து வாசலில் இறங்கினாலும் தரையில் கால் பட்டதும் கிளம்பிவிடும். அப்படியானால் வீட்டுக்கு வர என்ன வழி என்றால், வீட்டுக்கு மூன்று மைல் முன்னால் இருக்கிற இடத்தை மனதார நினைத்துக் கிளம்ப வேண்டும், சும்மா வாயால் சொல்லிக் காலை ஏமாற்ற முடியாது, நெஞ்சறிய ஆசைப்பட வேண்டும்.

கிழக்கே மூன்று மைலில் ஜக்கையனின் மில் இருந்தது. வீட்டைத் தாண்டிப்போய் அங்கே நிற்கிற பெண்கள், இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டுவிட்டு மேற்கே பார்த்துப் படி தாண்டினால் சரியாக வீட்டு வாசலில் வந்து நிற்கலாம் என்பதை ஜக்கையன்தான் கண்டுபிடித்தார். உடனே மில் முற்றத்தில் பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, பெரிய டிவி ஒன்றை மாட்டி, மோர் கொடுத்து, சீரியலில் மருமகளுக்கு உண்மை தெரியப்போகிற சமயம் பார்த்து அணைத்துவிடுவார். மில்லை விட்டுப் போக மனசே இல்லாமல் எழுந்து நடந்த பெண்கள் ஒரு அடி பிசகாமல் வீடு வந்து சேர்ந்தார்கள்.

மேற்கே மூன்று மைலில் ஒயின் ஷாப் இருந்தது. வேலை முடிந்து மேற்கேயிருந்து வருகிற ஆண்களில் பலருக்கு அதை நெஞ்சறிய ஆசைப்படுவதில் சிரமமே இருக்கவில்லை. ஆசைப்பட்டுக் கிளம்பினார்கள், கடை வந்தது, கால் நிற்கவில்லை, கழுத்து மட்டும் பின்னால் திரும்பியபடி, நாக்கு வறண்டபடி, கடையைத் தாண்டி மூன்று மைல் நடந்து தெளிந்த புத்தியோடு சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கடைக்கு மூன்று மைல் முன்னால் ஒரு முனியாண்டி கோயில் உண்டு, அதை ஆசைப்பட்டால் கடையில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள், ஆனால் எவ்வளவு முயன்றும் அவர்களுக்குச் சாமி மேல் அந்த அளவுக்கு ஆசை வரவில்லை. இது தெரிந்த பிறகு பெண்கள் புருஷன்மார்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முத்துக்காமுவிடம் வந்தார்கள். “ரெண்டு காலுக்கும் காட்டுங்கண்ணே” என்றார்கள்.

ஒச்சம்மாவின் புருஷன் பெரியகருப்பன் இறந்தபோது பாடை தூக்கிய நாலு பேரும் சூடு வாங்கியவர்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சுடுகாடு வந்தது, போனது. பறையடித்தவர் நின்றுவிட்டார், பாடை நிற்கவில்லை, அடுத்த ஊர்க் கண்மாய்க் கரையில் போய்த்தான் நின்றது, அந்த ஊர்க்காரர்கள் கம்போடு வந்துவிட்டார்கள். ஒச்சம்மா மட்டும் கோபப்படவில்லை. “உசுரோட இருந்தவரைக்கும் என்னை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகல, போறப்பவாவது ஊரைப் பாத்துட்டுப் போகட்டும்” என்றாள். அதற்குப் பிறகு பாடைக்கென்று நாலு பேரைச் சூடு காட்டாமல் ஒதுக்கிவைத்தார்கள், அவர்களுக்கு ஊரில் தனி மரியாதை. கல்யாணப் பத்திரிகைகளில் மண்டபத்தின் பெயருக்குக் கீழே, அதற்கு மூன்று மைல் முன்னால் எதை நினைத்து வர வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. பஸ் கண்டக்டர் இந்த ஊர்க்காரர்களைப் பார்த்தால் “எங்க எறங்கணும்” என்று கேட்பதில்லை, “எங்க போய் நிக்கணும்” என்று கேட்டுத் தானே கழித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

முத்துக்காமுவுக்குக் கோயில் திருவிழாவில் மாலை போட்டார்கள். கூனிக் குறுகி நின்று வாங்கிக்கொண்டார். இந்த வைத்தியத்தில் தன் பங்கு என்ன என்று அவருக்கே தெரியவில்லை, வாத்தியார் சொன்ன மூன்று மைல் நிஜம்தான் போலிருக்கிறது, சீனாக்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று மட்டும் நினைத்தார். அவர் தன் காலில் ஒருநாளும் சூடு காட்டிக்கொண்டதில்லை. பயம். கேட்டவர்களிடம் வைத்தியன் தனக்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு சாஸ்திரத்தை அந்த இடத்திலேயே உண்டாக்கிச் சொன்னார்.

வேலுத்தாயும் சூடு வாங்காமல்தான் இருந்தாள். முப்பது வருஷம் மிஷின் மிதித்த முழங்கால், உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. “நீங்க வெட்டுன ஜாக்கெட்டையே போடமாட்டேன், நீங்க வைக்கிற சூட்டையா வாங்குவேன்” என்பாள். ஆனாலும் வலி பொறுக்காமல் ஒருநாள் காலை நீட்டினாள். வலி போயிற்று. அதற்கு மறுநாள் மத்தியானம் அவள் வலியில்லாமல் அசந்து தூங்கி எழுந்து பார்த்தால், மிஷின் இருந்த இடத்தில் நோயாளிகள் படுக்கிற கட்டில் ஒன்று, ரெக்ஸின் பளபளக்க, கிடந்தது.

“ஏங்க, மிஷினு எங்க?”

“கட்டிலப் பாத்தியா? படுத்துப் பாரு, மெத்துமெத்துன்னு இருக்கு.”

“மிஷினு எங்கன்னு கேட்டேன்.”

“அது கெடந்து என்ன செய்யப் போகுது, துருப்பிடிச்ச இரும்பு. பழைய இரும்புக் கடைக்காரன் வந்தான், போட்டுட்டேன்.”

வேலுத்தாய் கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்தாள். “எங்கம்மா வீட்டுச் சீரு அது. உங்க கோணல எல்லாம் முப்பது வருசமா அதுதான நிமித்துச்சு. போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னைக் கேக்கத் தோணலையா?”

அந்த இடத்தில் தப்புத்தான் தாயி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். முத்துக்காமுவுக்கு வாயில் வேடிக்கைதான் வந்தது. “வைத்தியத்துல ஏது கோணலு? இனிமே நிமித்துறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

வேலுத்தாய் படி தாண்டி மேற்கே நடந்தாள். இரண்டு மைலில் அண்ணன் ஊர், அங்கே போய் நாலு நாள் இருக்கலாம் என்று கிளம்பியவள், நேற்று வாங்கிய சூட்டைக் கோபத்தில் மறந்துவிட்டாள். அண்ணன் வீட்டைக் கால் தாண்டியது, அண்ணி வாசலில் நின்று கையசைத்தாள், அதற்கும் மேல் மூன்று மைல் போய் ஒரு துணிக் கம்பெனி கேட்டுக்கு முன்னால் நின்றது. உள்ளே நாற்பது மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தைக் கேட்டதும் அவள் உள்ளே போய் ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். மாலைக்குள் அவளுக்கு வேலையும், கம்பெனிக்குப் பின்னால் தங்க ஒரு அறையும் கொடுத்துவிட்டார்கள்.

அவள் அண்ணன் சொல்லி அவள் இருக்கிற இடம் தெரிந்தும் முத்துக்காமு போன் போடவில்லை, அவளும் போடவில்லை, யார் முதலில் போடுவது என்பதிலேயே ஒரு மாதம் போயிற்று. அவர் தானே சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார், அதுவும் கண்ணளவுதான், ஒருநாள் கஞ்சி, ஒருநாள் அரிசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நோயாளிகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, மேற்கேயிருந்து வேலுத்தாய் வந்தாள். முத்துக்காமு எழுந்து நின்றார். எழுந்து நின்றதை யாரும் பார்க்காதபடி உடனே உட்கார்ந்தார். அவள் வாசலுக்கு நேராக வந்தாள், நிற்கவில்லை, போகிற போக்கில் முகத்தை மட்டும் திருப்பி, “சாப்டாச்சா?” என்று கேட்டாள்.

இத்தனை பேருக்கு முன்னால் வாசலை மிதிக்காமல் போகிறாளே என்று அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. “போறவளுக்கு எதுக்கு அந்தக் கவலை, வழியப் பாத்துப் போ” என்றார்.

வேலுத்தாயின் முகம் தெருமுனை வரைக்கும் அவர் பக்கமே திரும்பியிருந்தது. அதை அவர் முறைப்பு என்று எடுத்துக்கொண்டார். மத்தியானம் அவள் கிழக்கேயிருந்து மறுபடி வந்தாள், மறுபடி நிற்காமல் மேற்கே போனாள், இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. வாசலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தியருக்கா தெரியாது, புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டார்கள். சாயங்காலம் ஒருத்தன் வந்து, உங்க வீட்டம்மா ஒயின் ஷாப் வாசலில் நின்றுகொண்டிருந்தார்களாமே என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். கிழக்கே ஒரு தடவை, மேற்கே ஒரு தடவை, எனக்குப் பழிப்புக் காட்டத்தான் ஊரைச் சுற்றுகிறாள், போதாததற்கு ஒயின் ஷாப் வாசலில் நின்று மானத்தையும் வாங்குகிறாள் என்று முத்துக்காமு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. அப்படியே இன்னொரு மாதம் அவர் பானைக்குள் கிடந்தார்.

ஜக்கையன் மறுபடி கால் குடைச்சல் என்று வந்து கட்டிலில் படுத்தார். முத்துக்காமு சுருட்டைப் பற்றவைத்தார்.

“மதினி வந்துச்சாண்ணே?”

“அவ எதுக்கு வர்றா? வாசலோட போனவ, ஒரு எட்டு எடுத்து வைக்கல.”

ஜக்கையன் தலையைத் தூக்கிப் பார்த்தார். “என்னண்ணே பேசுற? அன்னைக்கு மில்லு வாசல்ல வந்துதான நின்னுச்சு. உக்காந்து அப்படி அழுதுச்சு. நான் மோரு குடுத்தேன், டிவியப் போட்டேன், மில்லை ஆசைப்படு மதினி, வீட்டுல போய் நிக்கலாம்னு எம்புட்டோ சொன்னேன். முடியல தம்பி, மனசு பூரா வீடாத்தான் இருக்குன்னுச்சு. அப்படியே வீட்டை நெனச்சுக்கிட்டே மேக்க நடந்து, ஒயின் ஷாப்புல போய் நின்னுருச்சு.”

முத்துக்காமுவின் கை அப்படியே நின்றது. கிழக்கே மில், மூன்று மைல். மேற்கே ஒயின் ஷாப், மூன்று மைல். ஊரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற கணக்கு, மில்லுக்கு மூன்று மைல் முன்னால் என்ன, ஒயின் ஷாப்புக்கு மூன்று மைல் முன்னால் என்ன. இரண்டுக்கும் ஒரே விடை, அந்த விடைக்குள்தான் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை அவள் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒயின் ஷாப் மேல் கொஞ்சமாவது ஆசை வந்திருந்தால் அன்றைக்கே வீடு வந்து சேர்ந்திருப்பாள், பாவம், அந்தப் பழக்கமும் அவளுக்கு இல்லை. வழியைப் பார்த்துப் போ என்று சொன்ன வாயை அவருக்குக் கிழித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

“அண்ணே, சுடுது” என்றார் ஜக்கையன்.

மறுநாள் விடிந்ததும் முத்துக்காமு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வேட்டியைத் தூக்கி, தன் நாலு விரலைத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்து அளந்தார். நானும் அவள் இருக்கிற கம்பெனியைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும், அவள் பார்க்க வேண்டும், என் கால் பொய் சொல்லாது என்பது அவர் யோசனை. சுருட்டைப் பற்றவைத்துக் கிட்டே கொண்டுபோனார், தூரக் கொண்டுபோனார், கந்தர் சஷ்டி கவசத்தில் தெரிந்த நாலு வரியைச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஊரில் அறுநூறு பேருக்குச் சூடு காட்டியவர், தன் காலில் லேசாகச் சூடு ஏறியதும் ஐயோ என்று கத்தியதை நல்லவேளை யாரும் கேட்கவில்லை. தோல் சிவந்தது. மிச்சச் சுருட்டை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி தாண்டினார்.

டீக்கடைக்கு மேல் நடந்து பழக்கமில்லாத மனிதர். அண்ணன் ஊர் போண்டாக் கடையை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தார், ஒயின் ஷாப் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார், மனசில் வேலுத்தாயைத் தவிர வேறு எதையும் வைக்கவில்லை, வைக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். வெயில் ஏறுகிற நேரம் கம்பெனி கேட் வந்தது. கால் நின்றுவிட்டது.

அவருக்கு நெஞ்சே நின்றுவிட்டது. வலது காலைத் தூக்கிப் பார்த்தார், தூக்கியது, வை என்றார், வைத்தது. இரண்டும் நாய்க்குட்டி மாதிரி சொன்னபடி கேட்டன. தாண்டவில்லையென்றால் ஆசையில்லை என்றல்லவா அர்த்தம். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குப் பெண்டாட்டி மேல் ஆசையில்லையா என்று கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சும்மாவேனும் இன்னும் மூன்று மைல் நடந்து போய்விட்டு வந்து, தாண்டிப் போய்விட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது, அதற்குள் வாட்ச்மேன் உள்ளே ஆள் அனுப்பிவிட்டார்.

வேலுத்தாய் கேட்டுக்கு உட்புறம் வந்து நின்றாள். கழுத்தில் டேப் தொங்கியது.

“வந்து நின்னுட்டீங்க” என்றாள்.

“எனக்கு நானே சூடு வச்சுக்கிட்டும் நின்னுட்டேன்.”

“அப்ப என்னை நெனச்சு வரல.”

“ஒன்னயத்தான் நெனச்சேன் வேலு. பாவிக் காலு துரோகம் பண்ணிருச்சு.”

அவள் கணக்குப் போட்டாள். “இங்கேருந்து மூணு மைலு முன்னாடி எங்கண்ணன் ஊரு போண்டாக் கடை.”

“வாசம் வந்துச்சு, இல்லேங்கல. ஆனா நெனைக்கல, சத்தியமா நெனைக்கல.” கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். “ஜக்கையன் சொன்னான். நீ வந்தது எனக்குத் தெரியாமப் போச்சு தாயி. மிஷினு விசயத்துலயும் தப்பு என்னோடதுதான். கடையில போய்க் கேட்டேன், உருக்கிட்டாங்களாம்.”

“காலைக் காட்டுங்க” என்றாள் வேலுத்தாய்.

வேட்டியை விலக்கிக் காட்டினார். அவள் கேட் கம்பிக்குள்ளிருந்து குனிந்து அந்தச் சிவந்த இடத்தைப் பார்த்தாள், பிரித்துத் தைக்கிறவள் பார்க்கிற பார்வை அது. தன் சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் காலில் இருந்த சூட்டுத் தடத்தையும் பார்த்தாள்.

“எனக்கு இன்னும் கீழ வச்சிருக்கீங்க. எந்த விரல வச்சு அளந்தீங்க?”

“என் விரலத்தான்.”

“என் காலுக்கு உங்க விரலா?”

“ஆமா.”

“ஊருக்கெல்லாம்?”

“ஊருக்கெல்லாம் இந்த நாலு விரலுதான்.”

“ஏங்க, அவங்கவங்க காலுக்கு அவங்கவங்க விரலுதான அளவு? கொழந்தைக்குச் சட்டை தைக்க உங்க கைய அளந்தா வெட்டுவீங்க?” என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். அவர் அளந்திருப்பார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “உங்க காலுக்கு உங்க விரலு. முப்பது வருசத்துல நீங்க ஒழுங்கா எடுத்த ஒரே அளவு இதுதான். அதான் நின்னுருச்சு.”

முத்துக்காமுவுக்கு அந்த மண்டபமும் சாம்பார் வாசமும் நினைவுக்கு வந்தன. ஒரு கரண்டி சாம்பாருக்காக ஒரு ஊரையே நடக்கவிட்டிருக்கிறோம் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு அவரும் சிரித்தார். அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து மிச்சச் சுருட்டை எடுத்தார்.

“காலை நீட்டு. ஒன் விரல்லயே அளந்து சரியா வச்சுடறேன். நேரா வீட்டுல போய் நிக்கலாம்.”

“வேணாம். பெறகு வைங்க. இப்ப இப்படியே நடப்போம்.”

“வீட்டைத் தாண்டிப் போயிருவியே?”

“தாண்டித்தான் போவேன். அன்னைக்குப் பாத்தும் பாக்காம உக்காந்திருந்தீங்கள்ல? இன்னைக்குக் கூட நடந்து வந்து பாருங்க, நான் எங்க வர்றேன்னு.” கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் நின்று, “இன்னொண்ணு. இந்த வேலைய விடமாட்டேன். காலையில இங்க வந்துட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வருவேன்” என்றாள்.

“வா” என்றார்.

நடந்தார்கள். அவள் கால் அவளை இழுத்துக்கொண்டு போனது, அவர் கால்களை அவர் இழுத்துக்கொண்டு போனார். ஒயின் ஷாப் போயிற்று, போண்டாக் கடை போயிற்று, அண்ணி கையசைத்தாள். வெட்டிய ஜாக்கெட், வடித்த கஞ்சி, கட்டிலில் படுத்தால் ரெக்ஸின் முதுகில் ஒட்டிக்கொள்வது எல்லாவற்றையும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார், கடைசி ஒரு மைலில் பேச்சும் நின்றுவிட்டது. தெருமுனையில் அவர் வீட்டைப் பார்த்தபோது கண் மங்கிவிட்டது. வாசலில் பத்துப்பேர் காத்திருந்தார்கள். போக ஐந்து மைல், வர ஐந்து மைல், இதற்கு மேல் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது என்று அவர் வாசற்படியில் கையூன்றிச் சரிந்தார்.

வேலுத்தாய் நிற்கவில்லை. வாசலுக்கு நேராக வந்தாள், வாசலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், உள்ளே மிஷின் இருந்த மூலையைப் பார்த்தாள், கால் இழுத்த இழுப்பில் கடந்து போனாள். முகம் மட்டும் பின்னால் திரும்பி அவரிடமே இருந்தது. அந்த முகத்தில் முறைப்பு எதுவும் இல்லை, அன்றைக்கும் இருந்ததில்லை என்று இப்போது அவருக்குத் தெரிந்தது.

“சாப்டாச்சா?” என்று கேட்டாள்.

முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, வெளிப்பக்கம் ஒரு விரலில், காலையில் வைத்த சூடு மெல்ல விழித்துக்கொண்டது. அது காலுக்குள் இறங்கியது, இடுப்புக்கு ஏறியது. முத்துக்காமு படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னும் இல்ல தாயி, இரு, வர்றேன்” என்று அவள் பின்னால் நடந்தார்.

“வைத்தியரே, எங்க போறீங்க?” என்று வாசலில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

“வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கோம்ப்பா, கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு அவர் எட்டி நடந்து வேலுத்தாயைப் பிடித்தார், இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி மில் இருந்த பக்கமாகப் போனார்கள். வாசலில் இருந்த ஒச்சம்மா எழுந்து உள்ளே போய் உலையில் இரண்டு பிடி அரிசி போட்டாள்.